சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்குது! பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைக்காரர்கள் படும் பாடு

மாதம் பிறந்து 20-ந்தேதி வந்தால் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

மாதக் கணக்கு காட்டும் வியாபாரிகள் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். கடை வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். கையில் பில் கட்டு. உள்ளே கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்ன வட்டம். அது சுத்துகிறது. சுத்துகிறது. சுத்திக்கொண்டே இருக்கிறது.

"என்ன தம்பி, காலையிலே இருந்து சுத்துது?"

"இருங்க அண்ணாச்சி. அப்டேட் ஆகுது. பாதியிலே அணைச்சா மொத்தமும் போயிடும்."

ஒரு நாள் தவறினால் 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே நடக்காத மாதம் என்றாலும் நாளைக்கு 20 ரூபாய். அதைக் கட்டுபவர் வியாபாரி. ஆனால் அடுத்த மாதம் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். அந்த நஷ்டம் கடைக்காரருக்கு.

சில கடைகளில் "சர்வர் டவுன்" என்று அட்டையில் எழுதித் தொங்க விட்டு விடுகிறார்கள். எல்லா நேரமும் குற்றம் சர்வர் மேல் இல்லை. பல நேரங்களில் படுத்துக்கொண்டது மேஜைக்கு அடியில் இருக்கும் சொந்தப் பெட்டிதான்!

அந்த அக்டோபர் 14

இத்தனை பாட்டுக்கும் காரணம் ஒரு தேதி. 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ந்தேதி.

அன்றோடு விண்டோஸ்-10 என்ற மூல புரோகிராமுக்கு பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. கம்ப்யூட்டர் நின்று விடாது. வழக்கம்போல ஓடும். ஆனால் அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் கிடையாது. "விண்டோஸ்-11க்கு மாறுங்கள்" என்பது கம்பெனி சொன்ன வழி.

அவகாசம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சலுகை. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் 30 டாலர் கட்டலாம். அல்லது கம்பெனியின் கணக்கில் பதிவு செய்து, கம்ப்யூட்டர் செட்டிங்சை அவர்கள் சர்வரிலேயே சேமித்து வைத்தால் இலவசம். 2026 அக்டோபர் 13-ந்தேதி வரை திருத்தம் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். நிறுவனங்களுக்கு இலவசம் இல்லை. ஒரு பெட்டிக்கு முதல் வருஷம் 61 டாலர். அடுத்த வருஷம் அது இரண்டு மடங்கு. அதற்கு அடுத்த வருஷம் அதிலும் இரண்டு மடங்கு!

ஜெராக்ஸ் கடையில் மூன்று பெட்டி வைத்திருப்பவர், கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு, "அதுக்கு இன்னொரு பிரிண்டரே வாங்கிடலாமே" என்று விட்டு விடுகிறார்.

மளிகைக் கடையும் குடோனும்

சரி, புது விண்டோசைப் போட்டால் ஏன் கம்ப்யூட்டர் ஊர்ந்து போகிறது?

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் நாலு தட்டு. பின்னால், சந்துக்குள் பெரிய குடோன். பருப்பு, சர்க்கரை, புளி எல்லாம் தட்டில் இருந்தால் வியாபாரம் ஜோராக நடக்கும். தட்டில் இடம் இல்லாவிட்டால்? ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பையன் குடோனுக்கு ஓட வேண்டும். ஒன்றை எடுத்து வந்து வைக்க, இன்னொன்றைக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

கைக்கு எட்டும் தட்டுதான் 'ரேம்'. குடோன்தான் 'ஹார்டு டிஸ்க்'.

விண்டோஸ்-11க்கு குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும் என்று கம்பெனியே எழுதியிருக்கிறது. அந்தக் "குறைந்தது" என்ற வார்த்தையில்தான் சூது! பெட்டியைப் போட்டு, எந்த வேலையும் தொடங்காமல் சும்மா விட்டாலே அந்த நாலில் பாதிக்கு மேல் விண்டோசே பிடித்துக்கொள்கிறது. மீதியில்தான் குரோம் திறக்க வேண்டும், ஜி.எஸ்.டி. தளம் திறக்க வேண்டும், கணக்கு புரோகிராம் ஓட வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் நகலை இறக்கிப் பிரிண்ட் போட வேண்டும்.

தட்டு நிரம்பி விடுகிறது. பையன் குடோனுக்கு ஓடத் தொடங்குகிறான்.

பழைய பெட்டிகளில் குடோனும் பழைய ரகம். உள்ளே தகடு நிமிஷத்துக்கு 5 ஆயிரத்து 400 அல்லது 7 ஆயிரத்து 200 சுற்று சுழல்கிறது. அதன் மேல் ஒரு முனை அங்கும் இங்கும் ஓடித் தேடுகிறது. வைரஸ் தேடும் வேலை, கோப்புகளுக்கு அட்டவணை போடும் வேலை, அப்டேட் இறக்கும் வேலை என்று விண்டோசின் சொந்தக் காரியங்களும் அதே முனையைத்தான் நம்பி இருக்கின்றன. மெக்கானிக் வந்து 'டாஸ்க் மேனேஜரை' திறந்து காட்டுவார். "டிஸ்க் 100 சதவீதம்" என்று சிவந்து நிற்கும். மவுசை அசைத்தால் அரை நிமிஷம் கழித்து அம்பு நகரும்.

கால ஓட்டத்தைப் பாருங்கள். 1995-ல் விண்டோஸ்-95 வந்தபோது 4 எம்.பி. ரேம் போதும் என்றார்கள். 2001-ல் எக்ஸ்.பி.க்கு 64 எம்.பி. இப்போது 4 ஜி.பி. கணக்குப்படி ஆயிரம் மடங்குக்கு மேல்! கடைக்காரர் அடிக்கும் லெட்டர் என்னவோ அதே ஒரு பக்கம்தான்.

புதன்கிழமை தொல்லை

இதில் இன்னொரு வேடிக்கை. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைதான் மைக்ரோசாப்ட் திருத்தங்களை வெளியிடும் நாள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணி. நம் ஊரில் அப்போது இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. கடை பூட்டி இருக்கும்.

மறுநாள் புதன்கிழமை காலை, ஊதுவத்தி கொளுத்தி, பெட்டியைப் போட்டதும் இறங்க ஆரம்பிக்கும். அந்தப் புதன்கிழமை எப்போதும் 9-ந்தேதிக்கும் 15-ந்தேதிக்கும் நடுவில்தான் வரும். விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11-ந்தேதி! அமெரிக்காவில் உட்கார்ந்து தேதி குறித்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயம் இல்லை.

வாசலில் காவல்காரன்

ரேம் மட்டும் பிரச்சினை என்றால் இன்னொரு துண்டு வாங்கிச் சொருகி விடலாம். விண்டோஸ்-11 வாசலிலேயே ஒரு காவல்காரனை நிறுத்தி வைத்திருக்கிறது. இன்டெல் சிப் என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை 2017-ல்தான் வந்தது. அதோடு 'டி.பி.எம். 2.0' என்ற பூட்டுச் சில்லும் வேண்டும். ரகசியச் சாவிகளை பத்திரமாக வைக்கும் சில்லு அது.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒருவர் 2016-ல் நல்ல ஐ-5 பெட்டி, 8 ஜி.பி. ரேமோடு, ஆசையாக வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். சிப் 6-வது தலைமுறை. உள்ளே போக அனுமதி இல்லை.

எதிர்க்கடைக்காரர் 2020-ல் விலை மலிவாக ஒரு செலரான் லேப்டாப் வாங்கினார். 4 ஜி.பி. ரேம். சக்தி என்று பார்த்தால் அந்தப் பழைய ஐ-5க்குப் பக்கத்தில் கூட நிற்காது. ஆனால் சிப் பட்டியலில் இருக்கிறது. "வாங்க, வாங்க" என்று கதவு திறக்கிறது. உள்ளே போனதும் மூச்சு முட்டுகிறது!

ஓடக்கூடியதை வெளியே நிறுத்தி, ஓட முடியாததை உள்ளே விட்டால் அது என்ன காவல்? பாதுகாப்புக்காகத்தான் என்று கம்பெனி சொல்கிறது. அதில் நியாயமே இல்லை என்று சொல்லி விட முடியாது. ஆனால் கஷ்டத்தை அனுபவிப்பவர் கடைக்காரர்.

காவல்காரனுக்குத் தெரியாமல் சுவர் ஏறிக் குதிக்கும் வழியும் இருக்கிறது. பென் டிரைவில் ஒரு வித்தை செய்து, சோதனையை ஏமாற்றி, மெக்கானிக்குகள் பழைய பெட்டியிலும் விண்டோஸ்-11 ஏற்றி விடுகிறார்கள். "இப்படி ஏற்றினால் திருத்தம் கிடைக்கும் என்று நாங்கள் உத்தரவாதம் தர மாட்டோம்" என்று மைக்ரோசாப்ட் முன்கூட்டியே கை கழுவி விட்டது. 'கோர் 2 டுவோ' காலத்துப் பெட்டிகளுக்கு அந்த வித்தையும் பலிக்காது. 2024-ல் வந்த பதிப்பு கேட்கும் ஒரு கட்டளை அந்த சிப்பில் இல்லவே இல்லை. அதனால் எழுந்தே நிற்காது.

எஸ்டேட்டில் வேறு கதை

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் போனால் கதையே வேறு. ஆட்டோமொபைல் உதிரி பாகம் கடையும் சின்னச் சின்ன பட்டறைகள். லேத் மெஷின் லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கியது. இரும்பு தேயாது, இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆனால் அதற்குப் புரோகிராம் அனுப்பும் கம்ப்யூட்டர்?

அது பழைய எக்ஸ்.பி. பெட்டி. பின்னால் ஒன்பது முள் உள்ள சீரியல் சொருகுவாய். அதில் இருந்து ஒரு கேபிள் மெஷினுக்குப் போகும். இன்றைய லேப்டாப்பில் அந்த சொருகுவாயே கிடையாது. யு.எஸ்.பி.யில் மாற்றிச் சொருகும் ஒட்டு கிடைக்கும். ஆனால் பழைய புரோகிராமுக்கு அது ஒத்து வந்தால் உண்டு. இல்லாவிட்டால் புரோகிராம் பாதியில் அறுந்து, வேலை கெட்டுப் போகும்.

எக்ஸ்.பி.க்குத் திருத்தம் நின்றது 2014 ஏப்ரல் 8-ந்தேதி. அதற்குப் பிறகும் அந்தப் பெட்டிகளை இன்டர்நெட் கயிறு இல்லாமல், தனியாக, துணி போர்த்தி வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. "அதைத் தொடாதே" என்பதுதான் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் பாடம்!

பில் போடும் புரோகிராம் கதையும் இப்படித்தான். பல வருஷத்துக்கு முன் யாரோ ஒரு தம்பி பாக்ஸ்புரோவில், டாஸ் காலத்தில் எழுதிக் கொடுத்தது. ஸ்டாக், பாக்கி, பார்ட்டி பெயர் எல்லாம் அதற்குள் இருக்கிறது. 32-பிட் விண்டோஸ்-10 வரை அது எப்படியோ ஓடியது. விண்டோஸ்-11 64-பிட்டாக மட்டும்தான் வருகிறது. பழைய 16-பிட் புரோகிராமை அது ஏற்காது. 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவசப் புரோகிராமுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்ட் எடுக்கும்போதுதான் தலைவலி ஆரம்பம். 'டக்கு டக்கு' என்று அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வேறு பழைய சொருகுவாயைத் தேடும்.

எழுதிக் கொடுத்த தம்பி எங்கே? அவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்!

கல்யாணப் பத்திரிகையும் சாவிப் பூட்டும்

ஆவடி, பூந்தமல்லி டி.டி.பி. கடைகளில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேலை என்றால் ஒரு மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும். துக்க வீட்டுக்காரரை "அப்டேட் ஆகுது, காத்திருங்க" என்று நிறுத்த முடியுமா?

பல கடைகள் இன்னமும் பேஜ்மேக்கரை விடவில்லை. அதன் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அதற்கேற்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடு முறைக்கு முந்தியவை. சிலவற்றைத் திறக்க கம்ப்யூட்டரின் பின்னால் சொருகும் பூட்டு ஒன்று இருக்கும். பழைய பெட்டியோடு அந்தப் பூட்டும் போனால், விலை கொடுத்து வாங்கிய எழுத்தும் போயிற்று. பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த பத்திரிகை மாடல்களைப் புதுப் பெட்டியில் திறந்தால், "நிகழும் மங்களகரமான" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ பாஷை தெரிகிறது.

கோர்ட்டுக்குப் போன கதை

இந்தக் கூத்து இப்போது புதிதாக வந்தது அல்ல. 2007-ல் விஸ்டா வந்தபோதும் இதுதான் நடந்தது. "விஸ்டாவுக்குத் தகுதி உள்ளது" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற பெட்டிகள் விஸ்டாவின் முக்கிய வசதிகளை ஓட்டத் திணறின. அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்கு போட்டார்கள்.

அந்த வழக்கில், 2008-ல், மைக்ரோசாப்டுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் வெளியே வந்தன. 2 ஆயிரத்து 100 டாலர் கொடுத்து வாங்கிய லேப்டாப் இமெயில் பார்க்கத்தான் லாயக்கு என்ற அர்த்தத்தில் அந்தக் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவரே புலம்பி இருந்தார்! ஆனாலும் 2009-ல் அந்த வழக்கு கூட்டு வழக்கு என்ற அந்தஸ்தை இழந்தது.

விண்டோஸ்-10 நிறுத்தத்தை எதிர்த்தும் 2025-ல் கலிபோர்னியாவில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். நம் ஊர்க் கடைக்காரர் போவது ரிச்சி தெருவுக்கு.

எதிர் ரோட்டிலேயே எமன்

ஆவடியில் ரெயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி வந்து பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் போட்டால், பெட்டிக்குப் பாதி உயிர் வந்து விடும். அதில் சுழலும் தகடு இல்லை. தேடி ஓடும் முனை இல்லை. கூடவே ரேமையும் 8 ஜி.பி. ஆக்கினால் இன்னும் சில வருஷம் தள்ளலாம். இதுதான் பல வருஷமாக மெக்கானிக்குகள் சொல்லி வந்த ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

2025-ம் ஆண்டின் கடைசியில் அதிலும் மண் விழுந்தது. ரேம் விலை கிடுகிடு என்று ஏறியது. காரணம், செயற்கை அறிவு. 'ஏ.ஐ.' வேலைக்காக உலகம் முழுவதும் கட்டப்படும் டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சில்லுகள் மொத்தம் மொத்தமாகப் போகின்றன. அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி, 'குரூஷியல்' என்ற பெயரில் சில்லரைக்கு விற்று வந்த ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தே விட்டது.

அந்த டேட்டா சென்டர்கள் எங்கோ அமெரிக்காவில் மட்டும் இல்லை. இதே அம்பத்தூரிலும் இருக்கின்றன! ஜப்பானின் என்.டி.டி. கம்பெனி 2023-ல் அம்பத்தூரில் பெரிய டேட்டா சென்டர் வளாகம் திறந்தது. வேறு கம்பெனிகளும் வந்திருக்கின்றன. ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டிடங்கள். உள்ளே அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள். இந்தப் பக்கம் கடைக்காரர் ஒரு 4 ஜி.பி. துண்டுக்கு அலைகிறார்.

காக்களூரில் தொடங்கியது

இலவச லேப்டாப்பும் இந்தப் பக்கத்தில்தான் பிறந்தது. 2011 செப்டம்பர் 15-ந்தேதி, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் அருகே காக்களூரில் அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாடு முழுவதும் 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டது. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் வீடுகளில் பீரோ மேல் அந்த லேப்டாப் இன்னும் கிடக்கும். கிடுகிடு என்று புது விண்டோஸ் ஓட அதற்குத் தெம்பு இல்லை.

ஆனால் ஒரு விஷயம் பலருக்கு மறந்து போயிற்று. அந்த லேப்டாப்புகளில் விண்டோசோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற மூல புரோகிராமும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கியது அது. 2007-ல் முதல் பதிப்பு வந்தது. தமிழ் உண்டு. காசு கிடையாது. "அது என்னமோ வேற மாதிரி இருக்குது சார்" என்று பையன்கள் அந்தப் பக்கமே போகவில்லை!

பக்கத்து கேரளாவில் அரசுப் பள்ளிகள் பல வருஷமாக லினக்சில்தான் ஓடுகின்றன. நம் பாதுகாப்பு அமைச்சகமும் விண்டோசுக்குப் பதில் 'மாயா' என்ற லினக்ஸ் வகைக்கு மாறுவதாக 2023 ஆகஸ்டில் செய்தி வந்தது. இணையம் பார்க்க, லெட்டர் அடிக்க, படம் பார்க்க 4 ஜி.பி. பெட்டியில் எடை குறைந்த லினக்ஸ் தாராளமாக ஓடும்.

பிறகு ஏன் கடைக்காரர்கள் மாறவில்லை? டாலி கணக்கு புரோகிராம் விண்டோசுக்கு என்றே எழுதப்பட்டது. கடைகளில் உள்ள பேஜ்மேக்கரும் விண்டோஸ் பதிப்புதான். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய ஸ்கேனர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மல்லுக்கட்டு. வாசலில் நாலு பேர் நிற்கும்போது பரிசோதனை செய்ய யாருக்கு நேரம்?

திருத்தம் இல்லாவிட்டால் என்ன?

"பழைய விண்டோசையே வச்சிக்கிட்டா என்ன சார் ஆகிடும்?" என்று கேட்பவர்களும் உண்டு.

2017 மே மாதம் நடந்தது நினைவு இருக்கலாம். 'வான்னாக்ரை' என்ற நாசகாரப் புரோகிராம் ஒரே வாரக் கடைசியில் சுமார் 150 நாடுகளில் புகுந்தது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

ஊர்க்காரர்கள் ஆதார், பான், பேங்க் பாஸ்புக், பத்திர நகல் அத்தனையும் இறங்கிக் கிடக்கும் பெட்டி இந்த ஜெராக்ஸ் கடைப் பெட்டிதான். எவன் எவன் பென் டிரைவோ தினமும் அதில் ஏறி இறங்குகிறது.

அதனால்தான் கொஞ்சம் விவரம் தெரிந்த கடைக்காரர்கள் இரண்டு பெட்டி வைத்துக்கொள்கிறார்கள். பழைய டாலியும் பேஜ்மேக்கரும் உள்ள பெட்டிக்கு இன்டர்நெட் கிடையாது. ஜி.எஸ்.டி., பட்டா, வில்லங்கம் எல்லாம் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 8-வது தலைமுறை லேப்டாப்பில். கம்பெனிகள் கழித்துக் கட்டிய லேப்டாப்புகள் அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது ஆன் செய்து, ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. உண்டா, டி.பி.எம். 2.0 காட்டுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஸ்டிக்கரை நம்பக் கூடாது.

அதற்கும் வழி இல்லாதவர்கள் காலையில் அரை மணி நேரம் முன்னதாக வந்து விடுகிறார்கள். ஷட்டரைப் பாதி தூக்கி, பெட்டியைப் போட்டுவிட்டு, டீக்கடைக்குப் போகிறார்கள். டீ குடித்து, மாலைப் பேப்பரின் நேற்றைய தாளை ஒரு புரட்டு புரட்டிவிட்டு வந்தால், சில நாள் 'வெல்கம்' வந்திருக்கும்.

சில நாள் வட்டம் சுத்திக்கொண்டிருக்கும். 37 சதவீதம். அணைக்காதீர்கள்.